இரண்டு பட்டம் போதாதா? அம்பேத்கர் எழுதிய பாரிஸ்டர் தேர்வு

எங்கள் மாலை வகுப்புக்கு வரும் ஒரு தங்கை போன மாதம் கேட்டார்: "அஞ்சு வருசம் சட்டம் படிச்சாச்சு தோழர். தெருவுல முதல் வக்கீல்னு பிளக்ஸ் கூட வெச்சுட்டாங்க. இப்ப மறுபடியும் அகில இந்திய பார் தேர்வுன்னு ஒண்ணு எழுதணும். அதுக்கு உக்காந்து படிக்கணும், பணம் கட்டணும். ஒரு கம்பெனியில பத்திரம் சரிபார்க்குற வேலை தயாரா இருக்கு. மாசச் சம்பளம். பரீட்சைய விட்டுடட்டுமா?"

விட்டுவிடாதே என்று சொல்வது சுலபம். அவர் வீட்டில் மூன்று பேர் அந்த மாசச் சம்பளத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் அறிவுரை எதுவும் சொல்லாமல், இதே கேள்வியை நூறு ஆண்டுகளுக்கு முன் எதிர்கொண்ட ஒருவரின் கதையைச் சொன்னோம். வகுப்பில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதிவைக்கிறோம்.

ஏப்ரல் 14 வந்தால் நம் ஊர்ச் சுவரொட்டிகளில் பாபாசாகேப் பெயருக்குப் பின்னால் எழுத்துகள் வரிசைகட்டி நிற்கும். எம்.ஏ., பி.எச்டி., எம்.எஸ்சி., டி.எஸ்சி., பார்-அட்-லா. இடம் போதாவிட்டால் அச்சகக்காரர் முதலில் வெட்டுவது கடைசியில் உள்ளதைத்தான். ஆனால் அந்த வரிசையில் பல்கலைக்கழகப் பட்டமாக இல்லாதது அது ஒன்றுதான். மற்றவை எல்லாம் இவர் இன்னது படித்தார் என்று சொல்லும் தாள்கள். பார்-அட்-லா என்பது தொழில் செய்வதற்கான உரிமம். கொலம்பியாவில் எம்.ஏ. முடித்து, முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டையும் எழுதிய ஒருவருக்கு இது எதற்கு? இந்தக் கேள்வியை நம் கூட்டங்களில் யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. படிப்பின் மீது தீராத ஆசை என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஆசை இருந்தது உண்மைதான். அது மட்டும் அல்ல.

1916-இல் நியூயார்க்கிலிருந்து லண்டன் வந்த அம்பேத்கர் இரண்டு இடங்களில் சேர்ந்தார். ஒன்று லண்டன் பொருளாதாரப் பள்ளி. இன்னொன்று கிரேஸ் இன். இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆவதற்கு நான்கு 'இன்'களில் ஏதேனும் ஒன்றில் உறுப்பினராக வேண்டும். அவற்றில் ஒன்று கிரேஸ் இன். அவர் சேர்ந்த நாள் 1916 நவம்பர் 11. ஒரு ஆண்டுகூட ஆகவில்லை, பரோடா மன்னர் கொடுத்துவந்த உதவித்தொகை முடிந்தது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு 1917-இல் கப்பலேறினார். அவருடைய மூட்டை முடிச்சுகள் வந்த வேறொரு கப்பலைப் போர்க்காலத்தில் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கடித்தது. புத்தகங்களும் அதோடு போயின.

பரோடாவில் என்ன நடந்தது என்பதை அவரே 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்று நாம் தமிழில் வாசிக்கும் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். உதவித்தொகை பெற்றவர் பத்து ஆண்டுகள் சமஸ்தானத்தில் வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். வேலை தயாராக இருந்தது, பெரிய வேலை. தங்க இடம்தான் இல்லை. இந்து விடுதிகள் சேர்க்காது. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைச் சொல்லிக்கொண்டு, நாளுக்கு ஒன்றரை ரூபாய் வாடகையில், பாழடைந்த மாடியில் தனியாக இருந்தார். பதினோராம் நாள் காலை அலுவலகம் கிளம்பும் நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பார்சிகள் தடியோடு வந்து நின்றார்கள். மாலைக்குள் காலி செய்யச் சொன்னார்கள். ஊரில் அவருக்குத் தெரிந்த இரண்டு நண்பர்கள், ஒருவர் இந்து, ஒருவர் கிறித்தவர், ஆளுக்கொரு காரணம் சொல்லி ஒதுங்கிக்கொண்டார்கள். இரவு ரயிலுக்கு நேரமாகும்வரை பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்கே திரும்பினார்.

இந்தச் சம்பவத்தைத் தீண்டாமைக் கொடுமைக்கு ஒரு சான்றாகத்தான் எப்போதும் மேற்கோள் காட்டுகிறோம். இன்னொரு விதமாகவும் படிக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. அந்த நாளில் அவரிடம் படிப்பு இருந்தது. வேலைக்கான உத்தரவு இருந்தது. மன்னரின் ஆதரவே இருந்தது. மூன்றும் சேர்ந்து ஒரு ராத்திரி தங்க ஒரு அறையைக்கூட வாங்கித் தரவில்லை. வேலை என்பது நாற்காலி மட்டும் அல்ல. நாற்காலியைச் சுற்றி வீடு, தண்ணீர், கோப்பு கொண்டுவரும் ஊழியர் என்று ஒரு ஊரே இருக்கிறது. அந்த ஊர் சாதி இந்து ஊர்.

பம்பாயிலும் அதே கதைதான். பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். நன்றாகத்தான் போனது. சொல்பவர் மகார் என்று தெரிந்ததும் ஆட்கள் வருவது நின்றது. 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். மாணவர்கள் அவர் வகுப்பை விரும்பினார்கள். ஆசிரியர் அறைப் பானையில் அவர் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று உடன் வேலை செய்தவர்களில் சிலர் சொன்னார்கள். மொண்டு குடிக்கும் உரிமையைப் பேராசிரியர் பதவி தரவில்லை.

நாம் இதை வரிசையாக அடுக்கிப் பார்ப்பது ஏன் என்றால், 1920-இல் அவர் எடுத்த முடிவு இதற்குப் பிறகுதான் புரிகிறது. அப்போது அவருக்கு வயது 29. மனைவி ரமாபாய், மகன் யஷ்வந்த், பரேல் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் சிறு வீடு. அந்த ஆண்டு ஜனவரி 31-இல்தான் 'மூக்நாயக்' இதழ் தொடங்கியிருந்தது. மார்ச்சில் மாண்காவ் மாநாட்டில் கோல்ஹாபூர் ஷாகு மகாராஜா, இவர்தான் உங்கள் தலைவர் என்று மக்கள் முன் அறிவித்துவிட்டார். அரசியல் வாழ்க்கை தொடங்கிவிட்டது. கையில் சம்பளமும் இருந்தது. அந்த நேரத்தில்தான் வேலையை விட்டார். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், ஷாகு மகாராஜாவின் உதவி, கொலம்பியா காலத்து நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய கடன் ஆகியவற்றோடு ஜூலையில் மறுபடியும் லண்டனுக்குக் கப்பலேறினார். பதேனா ஒரு பார்சி. தடியோடு வந்தவர்களும் பார்சிகள்தான். மனிதர்களைச் சமூகவாரியாகக் கணக்கு முடித்துவிட முடியாது என்பதற்கு இது நமக்கொரு பாடம்.

பாரிஸ்டர் ஆவதற்கு அன்று இரண்டு நிபந்தனைகள் இருந்தன. ஒன்று தேர்வு. ரோமச் சட்டம், அரசமைப்புச் சட்டம், குற்றவியல் எனத் தாள்கள் உண்டு. பிறகு இறுதித் தேர்வு. இன்னொன்றுதான் நம் கதைக்கு முக்கியம். 'பருவம் காத்தல்' என்று பெயர். ஆண்டுக்கு நான்கு பருவம் வீதம் மொத்தம் பன்னிரண்டு பருவங்கள், இன்னின் உணவுக்கூடத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இரவு உணவு சாப்பிட்டிருக்க வேண்டும். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பந்தியில் உட்காராதவர் பாரிஸ்டர் ஆக முடியாது. பழைய காலத்தில் மாணவர்கள் மூத்த வழக்கறிஞர்களோடு உண்டு, பேசித் தொழில் கற்றதன் மிச்சம் அது.

காந்தியும் இதே வழியில் வந்தவர்தான், இன்னர் டெம்பிள் வழியாக. நான்கு பேருக்கு இரண்டு பாட்டில் மது வைப்பார்கள், தான் குடிக்காததால் தன்னைத் தங்கள் குழுவில் சேர்த்துக்கொள்ளப் போட்டியிருந்தது என்று சுவையாக எழுதியிருக்கிறார். 1888-இல் அவர் கடல் கடக்கக் கிளம்பியபோது மோத் பனியா சாதிப் பஞ்சாயத்து அவரைச் சாதியிலிருந்து விலக்கியது. அங்கே போனால் ஐரோப்பியரோடு உண்டு குடித்துத் தீட்டாகிவிடுவார் என்பது அவர்கள் பயம். ஒரு சாதி இந்துவுக்கு லண்டன் பந்தி என்பது இழப்பு. எதையோ விட்டுக்கொடுத்துத்தான் அந்த மேசையில் உட்கார வேண்டும்.

சாத்தாராவில் பள்ளிக்குப் போன பீமாவுக்கு விட்டுக்கொடுக்க அப்படி எதுவும் இல்லை. வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கில் தனியாக உட்கார வேண்டும். குழாயைத் தொடக் கூடாது. பியூன் வந்து திறந்துவிட்டால் குடிக்கலாம். பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை. அந்தச் சிறுவன் வளர்ந்து, உடன் உட்கார்ந்து சாப்பிட்டால் மட்டுமே கிடைக்கும் ஒரு உரிமத்தைத் தேடிப் போயிருக்கிறார். இதை அவர் எங்கும் பெருமையாகப் பேசியதாக நாங்கள் வாசித்ததில்லை. 1936-இல் 'சாதி ஒழிப்பு' உரையில் சமபந்தி போஜனம் சாதியை ஒழிக்காது, கலப்பு மணமே வேண்டும் என்றுதான் எழுதினார். பந்தியின் அளவு அவருக்குத் தெரிந்திருந்தது. அது ஒரு நிபந்தனை, நிறைவேற்ற வேண்டும், அவ்வளவே.

மேசையில் உட்கார்ந்த அந்தச் சில இரவுகளைத் தவிர மற்ற நாட்களில் வயிறு காய்ந்தது. காலையில் ஒரு துண்டு ரொட்டி, ஒரு கோப்பை தேநீர். அதன்பின் பிரிட்டிஷ் மியூசியம் நூலகம் மூடும்வரை படிப்பு. இரவில் போவ்ரில் என்ற மாட்டிறைச்சிச் சாறும் பிஸ்கெட்டும். பசி தாங்காத இரவுகளில் தெரிந்தவர் கொடுத்த அப்பளத்தைச் சுட்டுத் தின்றார். நம் வீட்டுப் பிள்ளைகள் சென்னை மேன்ஷன்களில் பன்னும் டீயும் குடித்துக்கொண்டு குரூப் தேர்வுக்குப் படிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் வறுமையை அழகுபடுத்துவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. அந்தப் பட்டினியில் பெருமைப்பட எதுவும் இல்லை. பரேலில் ரமாபாய் தாங்கிய பட்டினியும் இந்தப் பாரிஸ்டர் படிப்பின் செலவுக் கணக்கில்தான் வரும். சுவரொட்டியில் அவர் பெயருக்குப் பின்னால் மட்டும் எந்த எழுத்தும் கிடையாது.

தேர்வு லண்டனில் நடந்தது என்பதையும் யோசிக்க வேண்டும். நம் தமிழ்நாட்டு வரலாற்றில் இதற்கு ஒரு முன்கதை உண்டு. ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டும் நடத்தாமல் இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டுவந்தது. 1893 ஜூனில் பிரிட்டிஷ் மக்களவையும் அதற்குச் சாதகமாகத் தீர்மானம் போட்டது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை வெஸ்லி மிஷன் மண்டபத்தில் பறையர் மகாஜன சபையின் கூட்டத்தைக் கூட்டி இரட்டைமலை சீனிவாசன் அதை எதிர்த்தார். 3412 பேர் கையெழுத்திட்ட, 112 அடி நீள மனு லண்டனுக்குப் போனது. தேசத் துரோகம் என்று இன்றும் சிலர் முணுமுணுக்கும் மனு அது. அவர் கேட்டது எளிமையானது: இங்கே தேர்வு வைத்தால் யார் உட்கார்ந்து எழுதுவார்கள்? பள்ளிக்குள்ளேயே விடப்படாதவர்களா? ஆட்சி சாதி இந்துக்கள் கைக்குப் போனால் நம் நிலை என்ன? தேர்வு எல்லோருக்கும் பொது என்ற பேச்சுக்கு, தேர்வுக்கூடத்தின் வாசல் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்றார் அவர்.

லண்டன் வாசலில் சாதி கேட்கவில்லை, பணம் கேட்டார்கள். ஒரு மன்னரும் ஒரு நண்பரும் வாய்த்ததால் ஒருவர் உள்ளே போனார். அவரைப் போன்ற கூர்மையுள்ள எத்தனை பேர் வெளியே நின்றார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

1922 மே 6-ஆம் நாள் ஷாகு மகாராஜா இறந்தார். ஜூன் 28-இல் கிரேஸ் இன் அம்பேத்கரை பாரிஸ்டராக அழைத்தது. 1923 ஏப்ரலில் பம்பாய் திரும்பினார். பாரிஸ்டர் ஆகிவிட்டார், தொழில் தொடங்க முடியவில்லை. உயர் நீதிமன்றத்தில் பதிவு செய்து சன்னத் வாங்கப் பணம் இல்லை. உலகின் இரண்டு பெரிய நகரங்களில் படித்த மனிதர் பதிவுக் கட்டணத்துக்கு வழியில்லாமல் நின்றார். மறுபடியும் பதேனாதான் உதவினார். ஜூலையில் சன்னத் கிடைத்தது.

உரிமம் வந்தவுடன் எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் அது பொய். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் மூல வழக்குப் பிரிவில் பாரிஸ்டருக்கு நேரடியாகக் கட்சிக்காரர் வர முடியாது. சொலிசிட்டர் வழியாகத்தான் வழக்கு வரும். சொலிசிட்டர்கள் தீண்டப்படாதவரோடு தொழில் செய்யத் தயாராக இல்லை. எனவே மாவட்ட நீதிமன்றங்கள், மேல்முறையீடுகள், ஏழைகளின் வழக்குகள் என்று அலைந்தார். வருமானம் போதாமல் 1925 முதல் மூன்று ஆண்டுகள் பட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார். பரோடாவிலும் சிடன்ஹாமிலும் கண்ட அதே சுவர் இங்கேயும் இருந்தது.

ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது, நாங்கள் அந்தத் தங்கைக்கு அழுத்திச் சொன்னது அதைத்தான். சொலிசிட்டர் வழக்கு கொடுக்காமல் இருக்கலாம். விடுதிக்காரர் வெளியேற்றியதைப் போல நீதிமன்றத்திலிருந்து அவரை வெளியேற்ற முடியாது. அங்கி போட்டுக்கொண்டு எழுந்து நின்றால் நீதிபதி கேட்டாக வேண்டும். மாவட்ட நீதிபதி பதவி தேடி வந்தபோது அவர் வேண்டாம் என்றதும் இதனால்தான் என்று நினைக்கிறோம். பதவியில் அமர்ந்தால் வாயைக் கட்ட வேண்டும். சன்னத் அப்படிக் கேட்பதில்லை.

1926-இல் பூனாவில் 'தேசாச்சே துஷ்மன்' என்ற நூலுக்காக ஜவல்கர், ஜேதே என்ற பார்ப்பனரல்லாத தலைவர்கள் மீது அவதூறு வழக்கு. திலகரையும் சிப்ளூங்கரையும் தாக்கிய நூல் அது. கீழ் நீதிமன்றம் தண்டித்தது. மேல்முறையீட்டில் வாதாடி விடுதலை வாங்கித் தந்தவர் அம்பேத்கர்.

மகத் வழக்கு இன்னும் நீளமானது. 1923-இல் பம்பாய் சட்டமன்றம் பொதுக் கிணறுகளையும் குளங்களையும் எல்லோருக்கும் திறக்கத் தீர்மானித்தது. மகத் நகராட்சியும் ஏற்றுக்கொண்டது. 1927 மார்ச் 20 அன்று நம் மக்கள் சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள், அடியும் வாங்கினார்கள். டிசம்பரில் இரண்டாம் முறை போராட்டம் அறிவித்தபோது சாதி இந்துக்கள் நீதிமன்றம் போனார்கள், குளம் தனியாருடையது என்று. டிசம்பர் 14-இல் தற்காலிகத் தடை வந்தது. ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்த நிலையில், தடையை மீறலாம் என்ற குரல் பலமாக இருந்தும், அம்பேத்கர் குளத்துக்குப் போவதை ஒத்திவைத்தார். 25-ஆம் தேதி மனுஸ்மிருதி எரிந்தது, குளத்தில் யாரும் இறங்கவில்லை. உரிமம் அவரைக் கட்டிப்போட்டது என்று நம் தோழர்களில் சிலர் விமர்சிப்பார்கள். அந்த விமர்சனத்தை நாங்கள் முழுவதுமாகத் தள்ளிவிடுவதில்லை. சட்டத் தொழிலுக்குள் போகிறவர் ஒரு கையைச் சட்டத்திடம் கொடுத்துவிட்டுத்தான் போகிறார். அதே சமயம், அந்த வழக்கை அவர் பத்து ஆண்டுகள் விடவில்லை. 1931-இல் மகத் நீதிமன்றம், 1933-இல் தானே, 1937 மார்ச் 17-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் என மூன்று படியிலும் தீர்ப்பு நம் பக்கம். குளம் நகராட்சிக்குச் சொந்தம், தொன்றுதொட்ட வழக்கம் என்ற வாதம் நிரூபிக்கப்படவில்லை என்றது உயர் நீதிமன்றம். சாத்தாராவில் குழாயைத் தொட முடியாதவர் பிரதிவாதியாக நின்ற வழக்கு அது.

நம் பக்கத்தில் சிவராஜ் அவர்களை நினைத்துக்கொள்ளலாம். வழக்கறிஞர், சென்னை சட்டக் கல்லூரி ஆசிரியர், 1942-இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தலைவர், பின்னர் சென்னை மேயர். அவரைப் பற்றித் தனியே எழுத வேண்டும், எழுதுவோம்.

இப்போது அந்தத் தங்கையின் கேள்விக்கு வருவோம். பதேனாவிடம் கடன் வாங்கிய அந்தக் கட்டணக் கதை 1923-ஓடு முடியவில்லை. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம் 24-ஆவது பிரிவில் பதிவுக் கட்டணத்தைத் தெளிவாகச் சொல்கிறது: பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். ஆனால் மாநில பார் கவுன்சில்கள் பல, அடையாள அட்டை, நூலக நிதி, நல நிதி என்று வெவ்வேறு பெயரில் பல ஆயிரங்களை வாங்கிவந்தன. 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் கௌரவ் குமார் வழக்கில் இது செல்லாது என்றது. இப்படி வாங்குவது விளிம்புநிலை மக்களைத் தொழிலிலிருந்து விலக்கி வைக்கிறது என்றும் சொன்னது. ஆனால் ஏற்கெனவே வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. நகையை அடகு வைத்துக் கட்டிய அம்மாக்களுக்கு வட்டி மட்டும் மிச்சம். பார் தேர்வுக்கான கட்டணம் வேறு; கடந்த சில தேர்வுகளில் பட்டியல் சாதியினருக்கு 2500 ரூபாய் வாங்கினார்கள். சட்டம் சொல்லும் பதிவுக் கட்டணத்தைப் போல இருபது மடங்கு.

தேர்வு அப்படியொன்றும் பெரிய மலை இல்லை. நூறு கேள்வி. பட்டியல் சாதியினருக்கு 40 விழுக்காடு வந்தால் தேர்ச்சி. குறிப்புகள் இல்லாத சட்டப் புத்தகத்தை உள்ளே கொண்டுபோகலாம். எந்தச் சட்டம் எந்தப் பக்கத்தில் என்று கை பழகியிருக்க வேண்டும், அதற்குத்தான் படிப்பு.

கதையைக் கேட்டுவிட்டு அவர் உடனே எதுவும் சொல்லவில்லை. கம்பெனி வேலையை எடுத்துக்கொண்டே படிக்க முடியுமா என்று கேட்டார். அம்பேத்கர் வேலையை விட்டார். அவருக்கு ஷாகு மகாராஜா இருந்தார், உனக்கு இல்லை, எடுத்துக்கொள் என்றோம். தேர்வுக் கட்டணத்தை வகுப்பில் எல்லோரும் சேர்ந்து போட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை ஏழு மணிக்கு நூலக மாடியில் அரசமைப்புச் சட்டத்திலிருந்து தொடங்குகிறார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். பழைய சட்டப் புத்தகங்கள் யாரிடமாவது இருந்தால் கொடுங்கள். உள்ளே பேனாவால் எழுதியிருந்தால் தேர்வுக்கூடத்தில் விட மாட்டார்கள். எழுதாத பிரதியாகப் பார்த்துக் கொடுங்கள்.